கை அதன் பாதையில் இருந்தது

அத்தான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு அவருடைய ஆபீசிலிருந்து இரண்டு பேர் எங்கள் கடைக்கு வந்தார்கள். சாருக்கு ஒரு பாராட்டு மலர் போடுகிறோம், வீட்டார் பார்வையில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அக்காவிடம் கேட்டார்கள். அக்கா தலையை நிமிர்த்தாமல் என் பக்கம் கையைக் காட்டிவிட்டாள். நான் எழுதினால் நீங்கள் அச்சடிக்க மாட்டீர்கள் என்றேன். மைத்துனி கேலி பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். கேலி இல்லை. அன்று எழுதாததை இன்று எழுதுகிறேன். அவரைப் பற்றி நல்ல வார்த்தை வேண்டுமென்றால் அந்த மலரிலேயே நாற்பது பக்கம் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

அத்தானுக்கு வேலை லிப்ட் கம்பெனியில். லிப்டை ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை, ஒரு திருகாணி கூட முடுக்கியதில்லை. புகார்ப் பிரிவில் உட்கார்ந்து பதில் எழுதுவார். முப்பத்தொரு வருஷம் அது ஒன்றையே செய்தார். அவருடைய அறையை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவரைத் தொடலாம். மேஜைக்குப் பின்னால் மூன்று இரும்பு அலமாரிகள். ஒன்றில் 'நின்றது' என்று எழுதியிருக்கும், ஒன்றில் 'சத்தம்', ஒன்றில் 'கதவு'. நின்றதும் சத்தமும் பாதிதான் நிரம்பியிருக்கும். கதவு அலமாரியைச் சாத்த முடியாது. முழங்கால் வைத்துத் தள்ளித்தான் பூட்டுவார். கை மாட்டியது, பை மாட்டியது, துணி மாட்டியது என்று வருகிற கடிதம் எல்லாம் அதற்குள் போகும்.

பதில்களுக்கென்று எண் போட்ட பத்திகள் உண்டு. முதல் பத்தி, கடிதம் கிடைத்தது என்பது. இரண்டாவது, சிரமத்தை அறிந்து கவலையுற்றோம் என்பது. ஏழாவது பத்திதான் கதவுக்கு உரியது. 'கதவு மூடும் நேரத்தில் கை அதன் பாதையில் இருந்ததாகத் தெரிகிறது.' கையை அங்கே யார் வைத்தது, கதவு ஏன் நிற்கவில்லை, ஒன்றும் கிடையாது. கை இருந்தது, அவ்வளவுதான். இந்தப் பத்தியை எழுதியவரே அத்தான்தான். சட்டப் பிரிவுக்காரர்கள் அதைப் படித்துவிட்டு அவருக்குக் கை கொடுத்தார்களாம். அந்தக் கதையை நான் குறைந்தது இருபது தடவை கேட்டிருக்கிறேன்.

அந்தப் பிரிவில் ஒரு கட்டளை உண்டு. பதில் கடிதத்தில் மன்னிக்கவும் என்று எழுதக்கூடாது. ஆங்கிலத்தில் எழுதினால் சாரி என்று எழுதக்கூடாது. அப்படி எழுதிவிட்டால் தப்பு நம்முடையது என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகும் என்று சட்டப் பிரிவு சொல்லியிருந்தது. மற்றவர்கள் எப்போதாவது கை தவறி எழுதிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அத்தான் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவை கூட எழுதியதில்லை. பூசி மெழுகுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. படித்தவருக்கு யாரோ தன் தலையைத் தடவிக் கொடுத்த மாதிரி இருக்கும், கடிதத்தை மடித்து வைத்த பிறகுதான் ஒன்றும் கிடைக்கவில்லை என்று உறைக்கும்.

எழுதக்கூடாத வார்த்தை என்பதாலேயே அவருக்கு அதன் மேல் ஒரு பித்து. சாரி என்ற சொல் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று தடித்தடி அகராதிகளைப் புரட்டி நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி வைத்திருந்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பார். அதே வகுப்பைச் சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கும் எடுப்பார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஸார் என்று ஒரு சொல்லாம். வலி, புண் என்று பொருளாம். இன்றைக்கு அவர்கள் புண்ணுக்குச் சொல்கிற ஸோர் அதிலிருந்து வந்ததுதானாம். புண்பட்டவன், வலியில் இருப்பவன் என்பதுதான் சாரிக்கு முதல் அர்த்தம். பிறகு, பார்க்கப் பரிதாபமானவன், ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஓர் அர்த்தம் சேர்ந்தது. தப்பு செய்தவன் சொல்கிற சாரி ரொம்பப் பிற்பாடு வந்தது. காது கேட்காதபோது இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பதற்குச் சொல்கிற சாரி எல்லாவற்றுக்கும் கடைக்குட்டி.

துக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஸாரோ என்கிறார்களே, அதுவும் சாரியும் ஒரே வேர் என்று உலகமே நினைக்கிறதாம். இல்லையாம். இந்த இடம் வரும்போது அவருக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். "முகஜாடைய பார்த்து அக்கா தங்கச்சின்னு நினைச்சுடறாங்க. ரெண்டும் வேற வேற வயித்துல பொறந்தது" என்று எங்கள் இரண்டு பேரையும் காட்டிச் சொல்வார். முதல் தடவை நாங்களும் சிரித்தோம். நான் ஒத்துக்கொள்கிறேன், அவருக்கு அந்தச் சொல்லைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. அதைச் சொல்ல மட்டும்தான் தெரியாது. பஸ்ஸில் யார் காலையாவது மிதித்தால் கூட, காலைக் கொஞ்சம் உள்ளே வையுங்கள் என்பார்.

எங்கள் கடை, வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. முதல் மாடியில் அக்காவும் அத்தானும், அதற்கு மேலே நான். துணி திருத்திக் கொடுக்கிற கடை. ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, கோட்டுக்கு உள்துணி வைப்பது. மிஷின் வேலை என்னுடையது. கை வேலை அக்காவுடையது. அவள் ஹெம்மிங் போட்டால் தையல் எங்கே என்று துணியைப் புரட்டிப் புரட்டித் தேட வேண்டும். கோட்டுக்கு அவள் எடுத்த காஜாவைப் பார்த்துவிட்டு ஊரின் அந்தக் கோடியிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். வெளியே தெரு பார்த்த மாதிரி ஒரு கவுன்ட்டர், அதன் மேல் இரும்பு ஷட்டர். அந்த ஷட்டரை இறக்கினால் கவுன்ட்டர் பலகையின் விளிம்பில் வந்து உட்காரும்.

அத்தான் ஆபீஸ் முடிந்து சரியாக ஆறு மணிக்கு வருவார். வந்ததும் வெளியில் நின்றபடியே கொக்கிக் கம்பியை எடுத்து ஷட்டரை இழுத்து மூடுவார். நாங்கள் கேட்டதில்லை. கடையை நேரத்தில் அடைக்கிறவர் தாம் ஒருவர்தான் என்று அவருக்கு ஓர் எண்ணம். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் ஒரு சனிக்கிழமை, அன்று தாம் எழுதிய பதில் ஒன்றைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா உள்ளே இருந்தபடி கவுன்ட்டர் விளிம்பில் இருந்த ஊசி டப்பாவை எடுக்கக் கையை நீட்டியிருந்தாள். அவர் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே கொக்கியை மாட்டி இழுத்தார். அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

வலது கை ஆள்காட்டி விரல், முதல் கணுவரை போய்விட்டது. நான் அவள் கையைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், அவர் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் கம்பியோடு நிற்கிறார். அப்போது அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது: "கையை ஏன் அங்க வச்ச?"

பதற்றத்தில் சொல்லியிருப்பார் என்று அக்கா சொன்னாள். நானும் சரி என்று விட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்று அதில் ஓர் இடம். அத்தான் பையிலிருந்து தம்முடைய பேனாவை எடுத்து, அந்த அழகான கையெழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். 'ஷட்டர் மூடும் நேரத்தில் கை அதன் பாதையில் இருந்தது.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பேனாவைப் பிடுங்கி வெளியே எறிந்திருக்க வேண்டும். எறியவில்லையே என்று இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.

அக்கா ஒரு மாதம் காத்திருந்தாள். அவர் மருந்து வாங்கி வந்தார், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், பாத்திரம் கூடத் தேய்த்தார். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. யாராவது விசாரித்தால், ஷட்டரில் மாட்டிக்கொண்டாள் என்பார். ஏதோ இவள் போய் வேண்டுமென்று மாட்டிக்கொண்ட மாதிரி. அக்கா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் வைத்து, அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நானே கேட்டேன். ஊருக்கெல்லாம் அந்த வார்த்தைக்கு வகுப்பு எடுக்கிறீர்களே, இவளிடம் ஒரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் எங்கே வந்தது, வகுப்பு அல்லவா தொடங்கியது.

"சின்னவளே, சாரின்னா அர்த்தம் என்ன? எனக்கு வலிக்குதுன்னு அர்த்தம். இங்க வலி யாருக்கு? அவளுக்கு. அப்புறம் நான் சொன்னா அது பொய்யில்லையா?"

அவர் அதை நகைச்சுவையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார், சிரிப்போம் என்று. அக்கா எழுந்து கையைக் கழுவினாள். உள்ளே போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு மாடியேறி என் அறைக்கு வந்துவிட்டாள். நானும் பின்னாலேயே வந்தேன்.

அன்று அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "எனக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தை வேண்டாம்டி. நான்தான் பார்க்காம இழுத்தேன்னு அவர் வாயால ஒரு தடவை சொல்லட்டும். நான் கீழ இறங்கிடறேன்."

சொல்லவில்லை என்றால் என்று கேட்டேன். ரிட்டையர் ஆகிற நாள்வரை பார்ப்பேன் என்றாள். அத்தனை வருஷம் எழுதி எழுதி அவருக்கு வாய் அப்படியே இறுகிப் போய்விட்டது, அந்த ஆபீஸ் கழுத்தை விட்டு இறங்கினால் ஒருவேளை வாய் திறக்கும் என்று அவள் நம்பினாள். அதற்கும் திறக்கவில்லை என்றால் இந்த ஜன்மத்தில் முதல் மாடிக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அதைத் தூக்கி ஒரு வாக்கியத்தின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இதை நான் அத்தானிடம் போய் வார்த்தை மாறாமல் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். புகார் கொடுத்தவர்களிடம் போனில் சொல்கிற அதே யோசிக்கிறேன்.

காத்திருந்த மாதங்களில் அக்கா இடது கைக்கு மாறினாள். லேசில் வரவில்லை, முதல் மாதம் அவள் எடுத்த காஜாவைப் பார்த்து அவளே அழுதாள். பிறகு பழைய துணியாகக் கிழித்துப் போட்டு ஒரு நாளைக்கு முப்பது காஜா எடுத்துப் பழகினாள். ரசீது எழுதுவதும் இடது கைதான். எழுத்து, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எழுதுவது போல எட்டுத் திசைக்கும் போகும். அத்தானுக்கு அந்த எழுத்து தெரியாது. அவர் அவள் கையைப் பார்ப்பதையே விட்டு வெகு நாளாகியிருந்தது.

ஓய்வு பெறுகிற நாளும் வந்தது. நான் வரமாட்டேன் என்றுதான் இருந்தேன். அக்கா போக வேண்டும் என்றாள். மூன்றாவது மாடி ஹாலில் நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். காகிதக் கப்பில் டீ, தட்டில் பிஸ்கட். சட்டப் பிரிவுத் தலைவர் எழுந்து, இவர் கடிதத்தை வைத்துக்கொண்டு நம் மேல் ஒருவனும் வழக்கு ஜெயித்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு அத்தான் எழுந்து அந்த வகுப்பைக் கடைசி முறையாக எடுத்தார். புண், பரிதாபம், தப்பு, காது கேட்காதது எல்லாம் வரிசையாக வந்தன. வேறு வேறு வயிறும் வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முதல் தடவை கேட்கிறவள் மாதிரி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஒரு விளையாட்டு. யார் வேண்டுமானாலும் துண்டுக் காகிதத்தில் ஒரு புகார் எழுதிப் பெட்டியில் போடலாம். அத்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, அந்த வார்த்தை வராமல், நின்ற இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். கேன்டீன் டீ ஆறியிருக்கிறது என்று ஒருவர், சம்பளத்தன்று மட்டும் லிப்ட் வேலை செய்கிறது என்று ஒருவர். அத்தான் வெளுத்து வாங்கினார். ஹால் குலுங்கியது. அக்கா என் பேனாவை வாங்கி, மடியில் வைத்து, இடது கையால் எழுதினாள். எனக்குப் பக்கத்தில் இருந்த டைப்பிஸ்ட் பெண் அவள் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நடந்து போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கடைசியாக அதை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "ஐயா, இழுக்கும்போது நீங்கள் பார்க்கவில்லை. என் விரல் போய்விட்டது. இழுத்தது யார் என்று மட்டும் சொல்லுங்கள்."

இப்போதாவது புரியும் என்று நினைத்தேன். அவர் காகிதத்தை ஹாலுக்குத் திருப்பிக் காட்டினார். "எழுத்தைப் பார்த்தா அடிபட்ட கையாலயே எழுதின மாதிரி இருக்கு. நம்ம கதவு அலமாரியில இருந்து எடுத்துட்டாங்க போல" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஒரு மனுஷன் தன் வீட்டில் நடந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை யாரோ ஊர் பேர் தெரியாதவர் புகார் என்று நினைக்கிறார். முப்பத்தொரு வருஷமாக அவருக்கு வருகிற கடிதமெல்லாம் அப்படித்தானே இருந்தது, இன்னொரு கை, இன்னொரு கதவு. தொண்டையைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னார்.

"தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு நேர்ந்த சிரமத்தை அறிந்து மிகுந்த கவலையுற்றோம். எங்கள் பதிவுகளைப் பரிசீலித்ததில், மூடும் நேரத்தில் தங்கள் கை அதன் பாதையில் இருந்ததாகத் தெரிகிறது. தங்கள் உடல்நலம் விரைவில் தேற விழைகிறோம்."

ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தினாள், அந்தக் குட்டை விரலோடு. போகலாம் என்றாள். படியில் இறங்கிப் போனோம். லிப்டில் ஏற எனக்கு மனசில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் அழுவாள் என்று பார்த்தேன். கடையைத் திறந்து, மறுநாள் கொடுக்க வேண்டிய கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு காஜா எடுக்க உட்கார்ந்தாள். நானும் மிஷினில் உட்கார்ந்தேன், ஆனால் ஒன்றும் தைக்கவில்லை.

ஆறு மணிக்கு அத்தான் வந்தார். கக்கத்தில், ஆபீசில் கொடுத்த கடிகாரப் பெட்டி. முகம் வெளிறியிருந்தது. டைப்பிஸ்ட் பெண் சொல்லியிருக்கிறாள், அந்தச் சீட்டை எழுதியது யார் என்று. அவள் நன்றாக இருக்கட்டும். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாரி" என்றார்.

முப்பத்தொரு வருஷம் எழுதாததை, இருபத்தாறு வருஷம் வீட்டில் சொல்லாததைச் சொல்லிவிட்டார். அக்கா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"எதுக்கு?"

"அன்னிக்கு நடந்ததுக்கு."

"என்ன நடந்தது?"

"ஷட்டர் இறங்கிடுச்சு. அந்த நேரம் உன் கை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"ஷட்டர் தானா இறங்குமா?"

அவர் என்னைப் பார்த்தார், ஏதோ சரியான பத்தி என்னிடம் இருக்கிற மாதிரி. நான் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எனக்கு வலிக்குதும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"வலிக்குதுன்னு தெரியுது" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "யாருங்க இழுத்தது?"

வாய் திறந்தது. நானே என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அந்த மனுஷனை எனக்குக் கண்டாலே ஆகாது, ஆனாலும் சொல்லிவிடேன், சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அத்தான் மென்று விழுங்கினார். "அந்த நேரத்துல... வெளிச்சம் வேற..." என்றார். அப்புறம் அதுவும் வரவில்லை.

அக்கா காத்திருந்தாள். பிறகு கடைசிக் காஜாவை முடித்தாள், முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள், கோட்டை மடித்து அலமாரியில் வைத்தாள். மிஷின் விளக்கை அணைக்கச் சொன்னாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு உள்ளேயே சுவரோரம் சாத்தி வைத்திருந்த கொக்கிக் கம்பியை எடுத்து, எட்டி, ஷட்டரில் மாட்டினாள். அவர் வெளியே அப்படியே நின்றுகொண்டிருந்தார், பத்து விரலும் கவுன்ட்டர் விளிம்பின் மேல் இருந்தன.

அக்கா கீழே பார்த்தாள்.

"கையை எடுங்க."

அவருக்குப் புரியவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள், இழுக்கவில்லை. இன்னொரு தடவை, அதே குரலில், கையை எடுங்க என்றாள். அவர் குனிந்து தம் விரல்களைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அக்கா ஷட்டரை இழுத்தாள்.